ஸ்டேடியம் ஸ்டாப்பில் விசில் இல்லை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாடிக்கொம்பு வழியாகச் சூசைக்களம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கண்டக்டர் சகாயராஜ் எல்லா ஸ்டாப்பிலும் விசில் அடிப்பார். நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு. ஸ்டேடியம் ஸ்டாப் நெருங்கும்போது மட்டும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பித்தானையும் மாட்டிவிடுவார். அங்கே நிற்க வேண்டுமானால் உள்ளங்கையால் தகரத்தில் ஓர் அடி, கிளம்ப இரண்டு அடி. பதினொரு வருஷமாக இப்படித்தான். பின்வாசல் பக்கம் அவர் கை படும் இடத்தில் பெயிண்ட் போய்விட்டது. வண்டியை மாற்றிக் கொடுத்தால் அதிலும் ஆறே மாதத்தில் அதே இடத்தில் பெயிண்ட் போய்விடும்.

டிரைவர் பெருமாள்சாமிக்கு இது பழகிப்போனது. அவர் லீவு போட்டு மாற்று டிரைவர் வந்தால்தான் கேள்வி கிளம்பும். “என்னண்ணே, விசிலத் தொலைச்சுட்டீகளா?” என்பார். சகாயராஜ் பதில் சொல்லமாட்டார். பஸ்ஸில் இருக்கும் சூசைக்களத்துக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்வதென்றால் அவர்களுக்கு அவ்வளவு ஆனந்தம்.

என் பெயர் கிளெமென்ட். தாடிக்கொம்பில் குடியிருக்கிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், சனி ஞாயிறுகளிலும் மே மாதத்திலும் கால்பந்துக்கு ரெஃப்ரி. இந்தக் கதையைச் சூசைக்களத்துக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தவன். ஏன் வேடிக்கை பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

சகாயராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆள் ஒல்லி; குரல் மட்டும் நாலு ஆளுக்கானது. மே மாதம் டோர்னமென்ட் நடக்கும் பத்து நாளும் அவர் பஸ்ஸை நடத்துகிற அழகைப் பார்க்க வேண்டும். சூசைக்களத்தில் பாதிக் குடும்பங்கள் மல்லிகையும் கத்தரியும் போடுகின்றன, பாதி மில்லுக்குப் போகின்றன. மாதா கோயில் ஒன்று, காளியம்மன் கோயில் ஒன்று என்று கோயில் இரண்டு. கால்பந்து டீம் ஒன்றே ஒன்று. மேட்ச் என்றால் ஊரே அந்த ஒரு பஸ்ஸில் ஏறும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று வந்த பிறகு, ஆண்களைவிடப் பெண்கள் கூட்டம்தான் அதிகம்.

அந்தக் கூட்டத்துக்குச் சகாயராஜ் சட்டம் வைத்திருக்கிறார். கொடியோடு வருகிறவனிடம், “கம்பு படுக்கட்டும், ஆளு நிக்கட்டும்” என்பார். கம்பு சீட்டுக்கு அடியில் போய்விடும். மேளம் கடைசி சீட்டில் உட்கார வேண்டும். வழியில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைத் தாண்டும் வரை மேளத்தின் மேல் ஒரு விரல் படக்கூடாது. தாண்டிய அடுத்த நிமிஷம் அவரே, “ம், இப்பத் தட்டுங்கடா, எம்புட்டு நேரந்தான் பொத்திக்கிட்டு இருப்பீங்க” என்பார். இரண்டு ஊர் ரசிகர்களும் ஒரே பஸ்ஸில் ஏறினால் ஓர் ஊருக்கு முன்வாசல், இன்னோர் ஊருக்குப் பின்வாசல். நடுவில் தோளில் பையோடு அவர் நிற்பார். அவரைத் தாண்டி ஒரு கெட்ட வார்த்தைகூடப் போனதில்லை.

திரும்பி வரும்போது யார் ஜெயித்தார்கள் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. ஏறுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். “தோத்தவன் ஜன்னல் சீட்டுத் தேடுவான் சார், ஜெயிச்சவன் சீட்டே தேடமாட்டான்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். தோற்றவர்களிடம் கடைசியாகத்தான் டிக்கெட் போடப் போவார். செத்த நேரம் ஆறட்டும் என்பது அவர் கணக்கு. இந்த மனுஷனைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

எனக்கு அவர் தருகிற மரியாதையையும் சொல்ல வேண்டும். பின்வாசலை ஒட்டி இருக்கிறதே கண்டக்டர் சீட்டு, அதை எனக்குக் கொடுத்துவிடுவார். “ரெஃப்ரி சார் நாள் பூரா மைதானத்துல ஓடுனவரு, உக்காரட்டும்” என்பார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நானும் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

இனி அந்தக் கதை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், டோர்னமென்ட் ஃபைனல். சூசைக்களமும் வத்தலக்குண்டும். வத்தலக்குண்டுக்காரர்களுக்கு என்ன கவலை, பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் எந்நேரமும் ஊருக்குப் பஸ். சூசைக்களத்துக்கு ஆறு இருபதை விட்டால் ஒன்பது பத்து. அதனால் மேட்ச் முடிகிறதோ இல்லையோ, ஆறே கால் ஆனால் கைப்பிள்ளைக்காரிகளும் வயசானவர்களும் எழுந்து ஸ்டாப்புக்கு வந்துவிடுவார்கள். ஸ்டாப் எங்கே இருக்கிறது என்றால், வடக்குக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிஷம். பஸ் கிளம்பி நகர்ந்துவிட்டது. அப்போது ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு கேட்டிலிருந்து ஓடி வருகிறாள். சகாயராஜ் பார்த்துவிட்டார். நிற்கச் சொல்லி ஒரு நீள விசில் அடித்தார்.

சுவருக்கு இந்தப் பக்கம் சூசைக்களத்தின் தடுப்பாட்டக்காரன் பிராங்க்ளின், பந்து காலடியில் கிடக்க, விசில் கேட்டது என்று கையைத் தூக்கிவிட்டு நின்றுவிட்டான். மற்றவர்களும் நின்றார்கள். வத்தலக்குண்டுப் பையன் ஒருவன் மட்டும் நிற்கவில்லை. பந்தை எடுத்துப்போய் வலைக்குள் தள்ளிவிட்டான். அன்றைக்கு ரெஃப்ரி நான்தான். நடுக்கோட்டைக் காட்டினேன். கோல்.

இரண்டுக்கு ஒன்று. கப்பு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டது.

விசில் யாருடையது என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பஸ்ஸை மறித்துப் பேசிய பேச்சுக்கள் இங்கே எழுதத் தக்கவை அல்ல. ஃபைனல் அன்றைக்குச் சூசைக்களத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் மாதா கோயில் களத்தில் ஊருக்கே பந்தி. ஆடப் போனவர்கள், பார்க்கப் போனவர்கள், கூட்டிப்போய்க் கூட்டி வந்த டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் இலை போடுவார்கள். அன்றைக்கு டிரைவருக்கு மட்டும் இலை போட்டார்கள். பெருமாள்சாமி அந்த இலையைப் பார்த்தார். “எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வண்டிதாப்பா” என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் கோபம் தணிந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் இலையும் போட்டார்கள். சகாயராஜ்தான் வேலை இருக்கிறது என்று சொல்லி உட்காரவில்லை. திட்டு போய்க் கேலி வந்தது. சூசைக்களத்தில் அவருக்கு ‘விசிலு’ என்றே பெயர். பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவர் கண் ஒரு கணம் கீழே போகும். அதைப் பார்க்க அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் முடியும்.

வேறு ரூட்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன்.

“கேட்டாக் குடுப்பாக சார். ஆனா ஓடிப்போனவன்னு ஆயிரும்ல” என்றார்.

இப்போது என் பங்கு. கால்பந்தில் ஒரு விதி இருக்கிறது. வெளியே யாரோ அடித்த விசில் ஆட்டத்தைக் குழப்பிவிட்டது என்று ரெஃப்ரிக்குத் தெரிந்தால், அவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே போட்டு மறுபடி தொடங்க வேண்டும். கோல் செல்லாது. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த விதி. அன்றைக்கு அந்த விசில் எனக்கும் கேட்டது. நானே ஊதிவிட்டேனோ என்று என் கையைக் குனிந்து பார்த்தேன்; விசில் கையில்தான் இருந்தது. நிமிர்ந்தபோது பந்து வலையில் கிடந்தது, வத்தலக்குண்டுக்காரர்கள் முந்நூறு பேர் மைதானத்துக்குள் இறங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் செல்லாது என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை. நடுக்கோட்டைக் காட்டிவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் பழி சகாயராஜ் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை அங்கிருந்து இறக்கி என் தலையில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதினொரு வருஷம் அவர் சீட்டிலேயே உட்கார்ந்து, அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இந்த மே மாதம் சூசைக்களம் மறுபடி ஃபைனலுக்கு வந்தது. பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எதிரணி வத்தலக்குண்டு இல்லை, திண்டுக்கல் டவுன் டீம். பிராங்க்ளின் இப்போது ஆடுவதில்லை, டீமுக்குக் கோச். அவன் தங்கச்சி லிடியா மில்லில் வேலை பார்க்கிறாள். பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. போகும்போதே பஸ்ஸில் அவள் சகாயராஜிடம், “விசிலண்ணே, இன்னைக்கு அந்தப் பித்தானை நல்லா மாட்டிக்கங்க. கோடிப் புண்ணியம்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. சகாயராஜும் சிரித்தார், கை மட்டும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

நான் ஊதுவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வெறும் பார்வையாளனாகத்தான் போயிருந்தேன். ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் முடிந்து டை பிரேக்கருக்குப் போனது. மணி ஆறு இருபது. வடக்குக் கோல் போஸ்ட்டில் அணிக்கு ஐந்து பெனால்டி அடிப்பது என்று முடிவாயிற்று. பெண்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை, பஸ்ஸை விட்டால் ஒன்பது பத்து. அழாத குறையாக எழுந்து ஸ்டாப்புக்கு வந்தார்கள். நானும் வந்து வழக்கமான சீட்டில் உட்கார்ந்தேன்.

ஏறிய பிறகுதான் லிடியா கண்டுபிடித்தாள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே கோல் போஸ்ட்டின் மேல்பாதி தெரிகிறது. ஒரு பக்க ஜன்னல் முழுக்கத் தலைகள். பஸ் அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிட்டது.

பெருமாள்சாமி கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: “சகாயம், டிக்கெட்டு முடிஞ்சுச்சா?”

“இல்லண்ணே. நாப்பது பேருக்கு மேல இருக்கு. போட்டு முடிக்காம வண்டிய எடுத்தா நாளைக்கு யார் பதில் சொல்றது?” என்றார் சகாயராஜ்.

இலவச டிக்கெட்டானாலும் ஆளுக்கு ஒன்று அடித்துக் கொடுக்க வேண்டும். மற்ற நாளில் ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிற ஆள் அவர். அன்றைக்கு ஒவ்வொரு டிக்கெட்டையும் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் கொடுத்தார். பெருமாள்சாமிக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மேலே போன பந்து எங்களுக்குத் தெரிந்தது. தரையோடு போனதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். கோல்கீப்பரின் தலை சடாரென்று மறையும். அவன் எந்தப் பக்கம் விழுந்தான், பந்து எந்தப் பக்கம் போனது என்பது உள்ளே எழும் கூச்சலில்தான் தெரியும். நாலுக்கு நாலு. சகாயராஜ் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி டிக்கெட் அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது சீட்டில் இருந்த ஓர் அம்மாளுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

டவுன் டீமின் ஐந்தாவது அடி. மேலே வந்த பந்தை இரண்டு கைகள் தள்ளிவிட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எங்கள் ஐந்தாவது அடி கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம்தான் வந்தது. சூசைக்களத்துச் சத்தம்.

பத்து நிமிஷத்தில் டீம் கப்போடு வந்துவிட்டது. பஸ்ஸுக்குள் இடம் இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. பிராங்க்ளின் கப்பைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் ஏறினான். சகாயராஜ் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பஸ் கிளம்பியது. மேளம் காதைக் கிழித்தது.

லிடியா சத்தமாகச் சொன்னாள்: “விசில் பையிலயே இருந்துச்சு, கப்பு கைக்கு வந்துருச்சு. பாத்தீகளாண்ணே, அன்னைக்கும் இப்படி இருந்திருந்தா?”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சகாயராஜும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அவர் கண் கீழே போனது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“சகாயராஜ், இங்க வாங்க” என்றேன். குனிந்தார். மேளச் சத்தத்துக்குள் அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். விதி என்ன, எனக்கு என்ன கேட்டது, நான் ஏன் நடுக்கோட்டைக் காட்டினேன், ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை, எல்லாம்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமா, அழுகையா, எனக்கு இன்னும் தெரியவில்லை. பித்தானைக் கழற்றினார். விசிலை எடுத்து ஒரே ஒரு நீள விசில் அடித்தார்.

பெருமாள்சாமி பிரேக்கை அழுத்தினார். தாடிக்கொம்பு ரோட்டின் ஓரத்தில் பஸ் நின்றது. மேளம் நின்றது. ஸ்டாப் எதுவும் இல்லாத இடத்தில் ஏன் நின்றது என்று எல்லாரும் சகாயராஜைப் பார்த்தார்கள்.

“சார், இப்ப சொன்னதச் சொல்லுங்க. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்” என்றார்.

முப்பது வருஷம் மைதானத்தில் கத்திய தொண்டைதான். ஆனாலும் அன்றைக்கு உட்கார்ந்தபடியே தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அது செல்லாத கோல், தப்பு விசிலில் இல்லை, என்னிடம்தான் என்றேன்.

முதலில் வாய் திறந்தவன் பிராங்க்ளின்.

“பந்து என் காலடியிலதான் கெடந்துச்சு” என்றான், கப்பைப் பார்த்துக்கொண்டு. “ரெஃப்ரி கையக் காட்டுற வரைக்கும் ஆட்டத்த விடாதேன்னு நீங்கதான் சார் எனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தீக. அப்படியிருந்தும் நின்னுட்டேன். ஆனா நான் வீட்டுல திட்டுனதெல்லாம் இவரத்தான்.”

லிடியா என்னைப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“அப்ப பதினோரு வருசமா அந்த மனுசன் நிக்கிறாரு, நீங்க அவர் சீட்டுல உக்காந்திருக்கீக” என்றாள். “மொதல்ல எந்திரிங்க சார்.”

எழுந்தேன். சகாயராஜ் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிராங்க்ளின் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்துக் கப்பை மடியில் வைத்தான். தன் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கப்பை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு இரண்டு விசில் அடித்தார். பஸ் கிளம்பியது.

தாடிக்கொம்பு வந்தது. என் வீடு ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரம். இறங்கியிருக்கலாம். இறங்கினால் ஓடிப்போனவன் என்று ஆகிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு சூசைக்களம் வரை நின்றே போனேன்.

மாதா கோயில் களத்தில் பந்தி தயாராக இருந்தது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். சகாயராஜ் இந்த முறை வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. லிடியா கத்தரிக்காய் வெஞ்சன வாளியோடு என்னைத் தாண்டி மூன்று முறை போனாள். எனக்கு யாரும் இலை போடவில்லை.

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பசி இருந்தது, வருத்தம் இருந்தது, கூடவே பதினொரு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசாகவும் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ, பஸ் இன்ஜின் சத்தம் கேட்டது. இரண்டு விசிலும் கேட்டது. திண்டுக்கல் திரும்புகிற வண்டி அது. அதற்குப் பின் வருவது ஊரிலேயே தங்கும் வண்டி; இதை விட்டால் ராத்திரி பூராவும் அந்த ஊரில்தான்.

எழுந்து ஓடினேன். அறுபத்து மூன்று வயதுக்கு என்ன ஓட்டம் ஓட முடியுமோ அதை ஓடினேன். கோயில் முனையைத் திரும்பும்போது பஸ் நகர்ந்து களத்தைத் தாண்டிவிட்டது. கையைத் தூக்கினேன். கூப்பிட மூச்சில்லை.

ஒரு நீள விசில் கேட்டது. பஸ் நின்றது.

பின்வாசல் படியில் சகாயராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இன்னொரு கையில் வாழை இலைப் பொட்டலம் ஒன்று இருந்தது.

“மெதுவா வாங்க சார்” என்றார். “வண்டி நிக்கும்.”